பாயின்ட்டே வாங்காத அஞ்சு பேர்!

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஃபேன்டசி டீம் எடுக்கப் போறீங்களா பாஸ்? பத்து யார்டு ஓடினா ஒரு பாயின்ட். அதனால போன வருஷம் அதிகம் ஓடினவரைக் கண்ணை மூடிக்கிட்டு எடுப்பீங்க. அங்கேதான் ஆப்பு!

டிமார்கோ முர்ரே கதையைக் கேளுங்க. 2014-ல் டல்லாஸ் கௌபாய்ஸுக்காக 1,845 யார்டு ஓடி, என்.எஃப்.எல்.லிலேயே முதலிடம். 2015-ல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸுக்கு மாறினார். மொத்தமே 702 யார்டுதான்! நம்பி எடுத்தவங்க கதி? அம்பேல்!

கால் போயிடுச்சா? ம்ஹூம். 2016-ல் டென்னசி டைட்டன்ஸுக்குப் போய் 1,287 யார்டு ஓடிக் காட்டினார். அவர் விட்டுட்டுப் போன டல்லாஸில் அதே வருஷம் புதுமுகம் எசேக்கியல் எலியட் 1,631 யார்டு ஓடி, லீகிலேயே ஃபர்ஸ்ட்!

டல்லாஸில் அப்படி என்ன இருந்தது? டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், ஸாக் மார்ட்டின் இருந்த 'அஃபென்ஸிவ் லைன்'! ஒரு சென்டர், ரெண்டு கார்டு, ரெண்டு டேக்கிள். எதிரணியை முட்டித் தள்ளி வழி உண்டாக்குறது இந்த அஞ்சு பேர்தான். வழக்கமான ஃபேன்டசி விதிப்படி இவங்களுக்கு பாயின்ட் சைபர்! லைன் மட்டுமே எல்லாத்தையும் தீர்மானிக்காதுதான். ஆனா, வழியே இல்லைன்னா எந்த சூரன் ஓடுவான்?

அதனால ஆளை எடுக்கும் முன்னாடி மூணு கேள்வி: போன வருஷ அஞ்சு பேரும் அப்படியே இருக்காங்களா? யாருக்காவது காயமா? எதிராளி கை படறதுக்கு முன்னாடியே ரன்னர் எத்தனை யார்டு போயிடறார்?

அந்த மூணாவது பதில்தான் லைனோட மார்க்‌ஷீட்!