வாசல் விளக்கு எரிந்தால் வரலாம்

"உதென்ன பழக்கம்? வீடு வீடாப் போய்க் கையேந்துறதோ? எங்கட வீட்டில இல்லாத இனிப்போ அங்க கிடக்குது?"

2017ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத முடிவில், கனடாவின் ஸ்காபரோவில் இருக்கும் அக்காவின் வீட்டுக்குச் சென்றிருந்தபோது அம்மா கேட்ட கேள்வி இது. எட்டு வயதான என் பெறாமகள் சூனியக்காரித் தொப்பியுடன் கண் கலங்கி நின்றாள். அக்கா என் பக்கம் திரும்பி, "நீ சமூகவியல் படிச்சனிதானே, நீயே அம்மாவுக்குச் சொல்லு" என்றாள்.

வெளிநாடுகளில் பேரப்பிள்ளைகளை வைத்திருக்கும் எமது வாசகிகள் பலருக்கும் இந்த வாக்குவாதம் புதிதாக இராது. பிள்ளைகள் பேய் உடுப்புப் போட்ட படங்கள் வந்ததும், "உது எங்களுக்குத் தேவையோ?" என்று தொலைபேசியில் ஏசியவர்களும் இருப்பீர்கள். ஆகவே அன்று கண்டதையும் அதைப் பற்றி அறிந்ததையும் உங்களுடன் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

எங்கிருந்து வந்தது?

ஹலோவீன் என்பது சகல புனிதர்கள் திருநாளுக்கு முந்திய மாலை. நவம்பர் 1ஆம் திகதி அந்தத் திருநாள். மறுநாள் இறந்த ஆன்மாக்களின் நினைவு நாள். எமது கத்தோலிக்கச் சகோதரிகள் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றிச் செபிப்பதும் அன்றுதான். முற்காலத்தில் இங்கிலாந்தின் ஏழைகள் இந்நாட்களில் வீடு வீடாகச் சென்று, அவ்வீட்டில் இறந்தவர்களுக்காகச் செபிப்பதாகக் கூறிச் சிறு அப்பங்களைப் பெற்றார்கள். அயர்லாந்திலும் ஸ்கொட்லாந்திலும் பிள்ளைகள் மாறுவேடமிட்டு, பாட்டோ வேடிக்கையோ செய்து காட்டி, பழமும் கொட்டைகளும் வாங்கினார்கள். அங்கிருந்து குடியேறியவர்களுடன் இப்பழக்கம் கடல் கடந்தது. "ட்ரிக் ஓர் ட்ரீட்", அதாவது "இனிப்புத் தருகிறீர்களா, குறும்பு செய்யட்டுமா?" என்ற பிள்ளைகளின் கூவல், 1920களிலேயே கனடியப் பத்திரிகைகளில் பதிவாகியிருக்கிறது.

அம்மாவுக்கு நான் சொன்னது இதுதான். பிச்சை என்றால் இல்லாதவர் கேட்பதும் இருப்பவர் கொடுப்பதும். இங்கோ பிள்ளை பையுடன் அயல்வீட்டுக்குப் போகிறது. அதே நேரம் அந்த அயல்வீட்டுப் பிள்ளைக்குத் தாய் தன் வாசலில் நின்று கொடுக்கிறாள். வாங்கும் வீடே கொடுக்கும் வீடாகவும் இருக்கிறது. பொங்கலுக்கு நாம் அயலுக்குக் கொடுத்தனுப்புவதும் தைப்பொங்கல் அன்று எங்கள் வீட்டில் சாப்பாடு இல்லை என்பதற்காக அல்லவே!

அம்மா பதில் பேசவில்லை. பெறாமகள் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள்.

எழுதி வைக்காத ஒழுங்குகள்

அன்று மாலை ஆறு மணிக்கு மேல் இருட்டத் தொடங்க, அத்தானுடனும் பிள்ளையுடனும் நானும் தெருவில் இறங்கினேன். எங்கும் பொம்மை எலும்புக்கூடுகளும், குடைந்து விளக்கு வைத்த பூசணிக்காய்களுமாக இருந்தன. என்னை அதிகம் கவர்ந்தது அவையல்ல, யாரும் எழுதி ஒட்டாத, ஆனால் எல்லோரும் அறிந்திருந்த ஒழுங்குகள்தாம்.

வாசல் விளக்கு எரிந்தால் வரலாம். அணைந்திருந்தால் அந்த வீட்டுக் கதவைத் தட்டக்கூடாது. ஒரு பிள்ளைக்கு ஒன்றோ இரண்டோதான். வாசற்படியில் பாத்திரத்தை வைத்துவிட்டு ஆள் இல்லாவிட்டாலும் அள்ளக்கூடாது. பூமரங்களை மிதிக்காமல் நடைபாதையால் போகவேண்டும். நன்றி சொல்லாமல் திரும்பக்கூடாது. எட்டு, எட்டரைக்குப் பிறகு போவது அழகல்ல. சில அடுக்குமாடிகளில் கீழே ஒரு தாள் ஒட்டப்பட்டிருக்கும். பிள்ளைகள் வரலாம் என்பவர்கள் தங்கள் வீட்டு இலக்கத்தை அதில் எழுதிவிடுவார்கள்.

ஒரு வீடு இருளாக இருந்தது. உள்ளே தொலைக்காட்சி வெளிச்சம் தெரிந்தது. "அவை உள்ளதான் நிக்கினம், தட்டட்டோ?" என்றாள் பெறாமகள். "லைற் இல்லை அம்மா, அவைக்கு விருப்பமில்லை. அதில பிழையும் இல்லை" என்று அத்தான் அவளை அடுத்த வீட்டுக்கு அழைத்துப் போனார்.

அந்த வீட்டாருக்கு என்ன காரணமோ, அது அவர்களுக்கே தெரியும். மத நம்பிக்கையால் இதைத் தவிர்க்கும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உள்ளனர். இரவு வேலை முடித்து உறங்குபவர் இருப்பார். நோயாளி இருப்பார். இனிப்பு வாங்கப் பணம் இல்லாதவரும் இருப்பார். யாரும் வாசலில் நின்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. விளக்கை அணைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் ஒருமித்த கருத்து இருக்கிறது என்று எண்ணவேண்டாம். வேறு பகுதிகளில் இருந்து காரில் வந்து இறங்கும் பிள்ளைகளைப் பற்றிச் சில தெருக்களில் முணுமுணுப்பு உண்டு. வசதியான தெருவுக்கு வசதி குறைந்த இடத்துப் பிள்ளை வந்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பவர்களும் உண்டு. வயது பற்றியும் வாதம் நடக்கிறது. நியூ பிரன்ஸ்விக் மாகாணத்தின் பதர்ஸ்ட் நகரம் இதற்குச் சட்டமே வைத்திருந்தது. 14 வயதுக்கு மேற்பட்டவர்கள் இனிப்புக் கேட்டு வீடுகளுக்குப் போகக்கூடாது என்றிருந்த அந்த விதியை 2017இல் 16 ஆக உயர்த்தினார்கள்.

எந்தப் பயம் உண்மை?

"முன்பின் தெரியாதவன் குடுக்கிறதில என்ன கலந்திருக்கோ" என்பது அம்மாவின் இன்னொரு கவலை. கனடிய, அமெரிக்கத் தாய்மாருக்கும் இதே பயம் உண்டு. அமெரிக்கச் சமூகவியலாளர் ஜோயல் பெஸ்ட் பல ஆண்டுகாலப் பத்திரிகைச் செய்திகளைத் திரட்டி ஆராய்ந்தார். அயலறியாதவர் கொடுத்த ஹலோவீன் இனிப்பால் ஒரு பிள்ளை இறந்ததாக உறுதிப்பட்ட சம்பவம் எதையும் அவர் காணவில்லை. 1974இல் டெக்ஸாஸ் மாநிலத்தில் ஒரு சிறுவன் நஞ்சூட்டிய இனிப்பால் இறந்தது உண்மை. ஆனால் அதைக் கொடுத்தவர் காப்புறுதிப் பணத்துக்கு ஆசைப்பட்ட அவனது தந்தையே.

உண்மையான ஆபத்து தெருவில்தான் இருக்கிறது. அமெரிக்காவின் 42 வருட விபத்துத் தரவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, அருகிலுள்ள மற்றைய மாலைகளை விட ஹலோவீன் மாலையில் வாகனம் மோதிப் பாதசாரிகள் இறப்பது 43 வீதம் அதிகம் என்கிறது. கறுப்பு உடுப்புடன் பிள்ளைகள் வீதியைக் கடப்பது நினைத்துப் பார்க்கவேண்டிய விடயம். அத்தான் பிள்ளையின் பையில் ஒளி தெறிக்கும் பட்டியொன்றை ஒட்டியிருந்தார்.

அம்மா சொல்லாத காரணம்

ஒன்றைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நாங்கள் புறப்படுவதற்கு முன்பே அம்மா எழுந்து சென்று வாசல் விளக்கை அணைத்திருந்தார். அக்கா போட, அவர் திரும்பவும் அணைத்தார். ஒவ்வொரு வருடமும் இப்படித்தான் என்று அக்கா சலித்துக்கொண்டாள். நான் அம்மாவைத் தனியே அறைக்குள் கூட்டிச்சென்று கேட்டேன்.

"இருட்டினாப் பிறகு கதவைத் தட்டுவினம், பிள்ளை" என்றார். அவ்வளவுதான்.

இருட்டிய பிறகு கதவு தட்டப்படுவது எங்கள் ஊர்களில் என்னவாக இருந்தது என்பதை எமது வாசகிகளுக்கு நான் விளக்கத் தேவையில்லை. கையேந்துவது, நஞ்சு என்று இத்தனை காரணங்களையும் அம்மா சொன்னது, அந்த ஒரு காரணத்தைச் சொல்லாமல் இருப்பதற்காகத்தான். ஆண்டுதோறும் அதே மாலையில் முகமூடி போட்டவர்கள் வந்து கதவைத் தட்டிக்கொண்டே இருந்தால் அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! நாங்களோ அவரைப் பழமைவாதி என்று கேலி செய்திருந்தோம். மக்களின் பிரச்சினைகளைக் கேட்பதைத் தொழிலாகக் கொண்ட எனக்கு அன்று வெட்கமாக இருந்தது.

விளக்கை அணைத்தே வைப்போம் என்றேன். அம்மா சிறிது யோசித்து, "பிள்ளை எல்லா வீட்டிலயும் வாங்கிக்கொண்டு வர, நாங்கள் குடுக்காமல் இருக்கிறதும் சரியில்லை" என்றார். கதவைத் தட்ட இடம் வைக்காமல் முன்னரே திறந்து வைத்தால் என்ன என்று கேட்டேன். அந்த வழி அவருக்குப் பிடித்துக்கொண்டது.

நாங்கள் திரும்பி வந்தபோது, குளிர் கோட்டும் தலையில் சால்வையுமாக அம்மா வாசலில் கதிரை போட்டு இருந்தார். மடியில் சொக்லேட் நிறைந்த தட்டம். அக்கா பக்கத்தில் நின்றாள். வந்த பிள்ளைகளை அம்மா தமிழிலேயே விசாரித்தார். "நீர் ஆற்றை பிள்ளை?" என்று கேட்க, எலும்புக்கூட்டு உடுப்புக்குள் இருந்து ஒரு சிறுவன், "நான் மூண்டாம் வீடு, அம்மம்மா" என்றான். ஏழு வருடமாக அதே தெருவில் வசித்தும் அங்கே ஒரு தமிழ்க் குடும்பம் இருப்பதை அம்மா அறிந்திருக்கவில்லை. வேடம் எதுவும் போடாமல் வந்த உயரமான பையன் ஒருவனைக் கண்டு அக்கா முகம் சுளித்தாள். அம்மா அவனுக்கு இரண்டாகக் கொடுத்தார். "வளர்ற பிள்ளை, பசிக்கும்" என்றார்.

ஒன்பது மணிக்கு முன் அம்மா தானே விளக்கை அணைத்து, கதவை இரண்டு தரம் பூட்டினார். பயம் ஒரு மாலையில் போய்விடுவதில்லை.

எங்கள் ஊரிலும் பிறர் வாசலுக்குப் போகும் வழக்கங்கள் உண்டு. திருவெம்பாவைக் காலத்தில் விடியற்புறம் சங்கூதிப் பாடி வருகிறார்கள். நத்தாருக்குக் கரோல் குழுக்கள் வருகின்றன. திருவிழாவுக்கும் நிதி சேர்க்கவும் வருகிறார்கள். ஆனால், "இன்று எங்களுக்கு இயலாது" என்று ஒரு வீடு மனம் நோகாமல் சொல்லும் அடையாளம் எங்களிடம் இருக்கிறதா? கதவு திறக்காத வீட்டை அடுத்த நாளே ஊர் கதைக்கிறது. துக்கமோ, வறுமையோ, பயமோ என்று யாரும் நினைப்பதில்லை.

சகோதரிகளே, பேரப்பிள்ளையின் படம் அடுத்த முறை வரும்போது ஏசுவதற்கு முன், எந்தெந்த வீட்டுக்குப் போனாய், நன்றி சொன்னாயா என்று கேளுங்கள். பிள்ளைகளே, அம்மம்மா "வேண்டாம்" என்றால் ஏன் என்று ஒரு தரம் தனியே இருந்து கேளுங்கள். அவர் முதலில் சொல்லும் காரணம் உண்மையான காரணமாக இல்லாமலும் இருக்கலாம்.