பிஸ்கெக்: சூளைக்குள் மறைக்கப்பட்ட தந்தை

கிர்கிஸ்தானின் தலைநகர் பிஸ்கெக்கில் பிறந்தவர்களில் பெயர்பெற்றவர் செம்படைத் தளபதி மிகயில் புரூன்சே. சோவியத் காலத்தில் நகருக்கே அவர் பெயர்தான். அங்கு இறந்தவர்களில் ஒருவரான தொரெகுல் ஐத்மாத்தவ் எங்கே புதைக்கப்பட்டார் என்பதோ அரை நூற்றாண்டுக்கும் மேலாகக் குடும்பத்துக்குத் தெரியாது.

'ஜமீலா', 'முதல் ஆசிரியர்' கதைகளைத் தமிழில் வாசித்தவர்கள் அவரது மகன் சிங்கிஸ் ஐத்மாத்தவை அறிவார்கள். கட்சியின் மூத்த நிர்வாகியான தந்தை 1937இல் ஸ்டாலினின் களையெடுப்பில் கைதானபோது, மகனுக்கு ஒன்பது வயதுகூட நிறையவில்லை. 1938 நவம்பரில் தந்தையைச் சுட்டுக் கொன்றார்கள். இப்படிக் கொல்லப்பட்டவர்களின் உறவுகளுக்கு அந்நாளில் சொல்லப்பட்ட வழமையான பதில், 'கடிதத் தொடர்பற்ற பத்தாண்டுச் சிறை'. காத்திருக்க வைக்கும் பொய் அது. ஸ்டாலினுக்குப் பின்னர் அவர் குற்றமற்றவர் என்று அரசு ஏற்றது. உடல் எங்கே என்று மட்டும் சொல்லவில்லை.

நகருக்கு வெளியே, சோன்-தாஷ் என்ற இடத்தில், பழைய செங்கல் சூளைக்குள் 130க்கும் அதிகமான உடல்களைப் போட்டு மூடியிருந்தார்கள். அங்கு காவல் வேலை பார்த்தவர் சாகும் தறுவாயில்தான் அதை மகளிடம் சொன்னார். அந்தப் பெண்ணும் சோவியத் ஆட்சி தளரும்வரை பொறுத்திருந்தே வாய்திறந்தார்.

1991இல் தோண்டினார்கள். எச்சங்களோடு கிடைத்த குற்றப்பத்திரத் தாள் ஒன்றில் தொரெகுலின் பெயர் இருந்தது. கொல்வதற்காக எழுதிய ஆவணமே ஆளை அடையாளம் காட்டிவிட்டது.

அவர்களை அருகிலேயே மீள அடக்கம் செய்தார்கள். அந்த நினைவிடத்தின் பெயர் 'அத்தா-பெயித்'. தந்தையரின் கல்லறை என்று பொருள். 2008இல் ஜெர்மனியில் இறந்த சிங்கிஸையும் அங்கேதான் அடக்கம் செய்தார்கள்.