பேறுகாலச் செலவு: எங்கே கையைச் சுருக்கலாம், எங்கே கூடாது



பேறுகால உதவி கேட்டு நம் அறக்கட்டளைக்கு வரும் மனுக்களில் பலவும் எட்டாம் மாதத்துக்குப் பிறகே வருகின்றன. சில மனுக்கள், பில் கட்ட முடியாமல் தாயும் பிள்ளையும் ஆஸ்பத்திரியில் காத்திருக்கும்போது வருகின்றன. அதற்குள் வளையல் அடகுக்குப் போயிருக்கும், வட்டியும் ஓடத் தொடங்கியிருக்கும். வட்டி ஹராம் என்று நன்றாகத் தெரிந்த குடும்பங்கள்தாம் இவை. ஏழெட்டு மாதம் முன்பே தெரிந்த ஒரு செலவு ஏன் கடைசி வாரத்தில் தலையில் விழுகிறது?

முதல் காரணம் நம் வீட்டுப் பழக்கத்திலேயே இருக்கிறது. பிள்ளை உண்டான செய்தியை மூன்று மாதம் வெளியே சொல்லக்கூடாது என்பார்கள் பெரியவர்கள். கண்ணேறு பட்டுவிடும் என்ற பயம். ஊருக்குச் சொல்ல வேண்டாம், சம்பந்தி வீட்டுக்குக்கூடச் சொல்ல வேண்டாம். ஆனால் நர்ஸம்மாவிடம் சொல்லியே ஆகவேண்டும். ஏனென்றால் தமிழக அரசின் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் சேர, 12 வாரத்துக்குள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிய வேண்டும். நாம் மறைத்து வைக்கும் மூன்று மாதமும் அந்த 12 வாரமும் ஒன்றுதான்! வாய் திறக்கும் நாளில் கெடு முடிந்திருக்கிறது.

அந்தத் திட்டத்தின் மதிப்பு மொத்தம் 18,000 ரூபாய். இதில் 14,000 பணமாகத் தவணை முறையில் வங்கிக் கணக்குக்கு வரும். மீதி 4,000 ரூபாய்க்கு இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்கள். சத்துமாவு, இரும்புச்சத்து டானிக், பேரீச்சம்பழம், நெய் எல்லாம் அதில் இருக்கும். 19 வயது நிறைந்த, வசதி குறைந்த குடும்பத்துப் பெண்களுக்கு முதல் இரண்டு பிரசவங்களுக்குக் கிடைக்கும். பதிந்ததும் தரும் பிக்மி எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். தனியார் மருத்துவமனையில் பிரசவம் பார்த்தாலும், பிறப்புச் சான்றிதழ் வாங்க அந்த எண்ணைக் கேட்பார்கள்.

இங்கே நம் மக்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. ஆதாரில் 'பாத்திமா பீவி', வங்கிப் புத்தகத்தில் 'எஸ். பாத்திமா', ரேஷன் கார்டில் 'பாத்திமுத்து'. மூன்றும் ஒரே பெண். வீட்டில் நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. ஆதாரில் வாப்பாவின் முதலெழுத்து, பாஸ்புக்கில் கணவரின் முதலெழுத்து என்று இருந்தாலும் பணம் மாதக்கணக்கில் நின்றுவிடும். கணக்கு தாயின் பெயரிலேயே இருக்க வேண்டும். கணவர் வளைகுடாவில் இருக்கிறார், பணமெல்லாம் மாமனார் கணக்குக்கே வருகிறது என்ற வீடுகளில் மருமகளுக்குக் கணக்கே இருப்பதில்லை. கல்யாணம் முடிந்த கையோடு இதைச் சரிசெய்துவிட்டால் பிறகு ஓடவேண்டியதில்லை.

அடுத்தது மருத்துவமனை. அரசு மருத்துவமனையில் பிரசவம் இலவசம் என்பது எல்லோருக்கும் தெரியும். எதெல்லாம் இலவசம் என்பது பலருக்குத் தெரியாது. 2011 முதல் நடக்கும் ஜனனி சிசு சுரக்ஷா திட்டப்படி சிசேரியன், மருந்து, பரிசோதனை, தேவைப்பட்டால் ரத்தம், அங்கே இருக்கும் நாட்களில் சாப்பாடு, வீட்டுக்குத் திரும்ப வண்டி எல்லாமே செலவில்லாதவை. எத்தனையாவது பிள்ளை என்ற கணக்கு இதற்குக் கிடையாது. நிதியுதவி கிடைக்காத மூன்றாவது பிரசவத்துக்கும் இந்தச் சலுகைகள் உண்டு. போவதற்கு 108 இருக்கிறது.

ஜி.எச்.சில் கூட்டம், வார்த்தை கடுமை, பெண் டாக்டர் இருப்பாரா என்ற தயக்கம், இதெல்லாம் நமக்கும் தெரியாததல்ல. அதனால் தனியாருக்குப் போகிறவர்களைக் குறை சொல்ல மாட்டோம். போவதென்றால் ஏழாம் மாதத்திலேயே கணக்குக் கேளுங்கள். அவர்கள் சொல்லும் தொகையில் மயக்க மருந்து டாக்டர், மருந்து, அறை வாடகை, பிள்ளை டாக்டர் எல்லாம் அடங்குமா? சிசேரியன் ஆனால் எவ்வளவு? வாயால் கேட்டதைத் தாளில் எழுதி வாங்குங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தின் பதிவையும் விட்டுவிடாதீர்கள். கடைசி நேரத்தில் பணமோ உடல்நிலையோ மாறினால் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும்.

ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களில் தோல், ஷூ கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகும் சகோதரிகள் தங்கள் இ.எஸ்.ஐ. அட்டையை எடுத்துப் பாருங்கள். சந்தா நாட்கள் சரியாக இருந்தால், முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்துக்கு ஈடான தொகை கிடைக்கும். இது தெரியாமல் ஏழாம் மாதம் வேலையை விட்டு நின்றுவிடுகிறவர்கள் உண்டு.

இனி வீட்டுச் செலவு. சிக்கனம் என்றதும் முதலில் குறைவது கர்ப்பிணியின் சாப்பாடும், அடுத்த செக்கப்பும்தான். இவை இரண்டிலும் கை வைக்கவே கூடாது. ரத்தசோகையைக் கவனிக்காமல் விட்டு, பிரசவத்தின்போது ரத்தத்துக்கு அலையும் வீட்டுக்கு என்ன மிச்சம்? ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் அரசு நிலையத்தில் சும்மாவே பார்க்கிறார்கள். இரும்புச்சத்து மாத்திரையும் அங்கேயே தருகிறார்கள். அதை டீயோடு விழுங்கினால் உடம்பில் சரியாகச் சேராது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். கடுமையான தலைவலி, கண் மங்கல், முகம் கை வீக்கம், ரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைவது, இவற்றில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் கிளம்ப வேண்டும்.

விட்டுவிடக்கூடிய செலவு வேறு இருக்கிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்கும் என்று வாங்கும் குங்குமப்பூவால் நிறம் மாறாது. விலை உயர்ந்த டின் பவுடர் செய்வதை முட்டை, மத்தி மீன், முருங்கைக்கீரை, நிலக்கடலை, அங்கன்வாடியில் தரும் சத்துமாவு செய்யும். ஏழாம் மாதச் சோற்றுக்கு மண்டபம் பிடித்து, வரும் பெண்களுக்கெல்லாம் பரிசுப் பை கொடுப்பது இப்போது புதிதாகப் பரவுகிறது. அந்த ஒரு நாள் செலவு பிரசவச் செலவையே தாண்டிவிடுவதைப் பார்த்திருக்கிறோம்.

தலைப்பிரசவம் தாய்வீட்டுச் செலவு என்ற வழக்கத்தையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கல்யாணக் கடனே தீராத வாப்பாவின் தலையில் அடுத்த கடன் ஏறுவது இப்படித்தான். பாலூட்டும் தாயின் உணவும் உடையும் பிள்ளையின் தந்தையுடைய பொறுப்பு என்று அல்பகரா அத்தியாயத்தின் 233வது வசனம் தெளிவாகவே வைக்கிறது. பெண்வீட்டார் மனமுவந்து செய்தால் அது அன்பளிப்பு. மாப்பிள்ளை வீட்டார் எதிர்பார்த்து உட்கார்ந்திருப்பது அந்தக் கணக்கில் வராது.

அகீகாவும் அப்படியே. அது வசதியுள்ளவருக்கு ஸுன்னத். ஏழாம் நாள் முடியாவிட்டால் பிறகு கொடுக்க இடமிருக்கிறது, உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கடன் வாங்கி ஆடு அறுத்து, ஊரைக் கூட்டி பிரியாணி போட வேண்டும் என்று மார்க்கம் யாரையும் கேட்கவில்லை. முடியிறக்கி அதன் எடைக்கு வெள்ளி தர்மம் செய்வதற்கு எவ்வளவு ஆகிவிடும்? பிறந்த பிள்ளையின் முடி என்ன எடை இருக்கப்போகிறது!

இத்தனையும் கழித்த பிறகும் செலவு இருக்கும். கூட வருகிறவரின் சாப்பாடு, ஆட்டோ, பிள்ளைத் துணி, நாற்பது நாளும் கணவர் அல்லது உம்மா வேலைக்குப் போக முடியாத இழப்பு. இரண்டாம் மாதத்திலிருந்து தினமும் 50 ரூபாய் எடுத்து வைத்தால் 200 நாளில் 10,000 ரூபாய் ஆகும். தினக்கூலி வீட்டில் தினமும் முடியாது, வேலை உள்ள நாளில் வையுங்கள். உண்டியல் வீட்டில் இருந்தால் உடைபடும். தாயின் பெயரில் உள்ள கணக்கிலேயே வாரம் ஒருமுறை போட்டுவிடுவது நல்லது.

அதுவும் போதாத குடும்பங்களுக்கு நம் அறக்கட்டளையின் வட்டியில்லாக் கடன் இருக்கிறது. ஜகாத் பெறத் தகுதியுள்ளவர்களின் மனு தனியாகப் பரிசீலிக்கப்படும். ஆறாம் மாதத்துக்குள் வாருங்கள். செக்கப் புத்தகம், பிக்மி எண், ஆதார், தாயின் வங்கிப் புத்தகம் நான்கையும் கொண்டுவாருங்கள். பெயர் எழுத்துகளை அலுவலகத்திலேயே ஒப்பிட்டுப் பார்த்து, திருத்தம் வேண்டுமானால் எங்கே போவது என்றும் சொல்லி அனுப்புவோம். பெண்கள் நேரில் வரத் தயங்கினால் வீட்டுக்கே வந்து விசாரிக்க நம் மகளிர் குழுச் சகோதரிகள் இருக்கிறார்கள், இன்ஷா அல்லாஹ்.