பொத்தான் எங்கே போயிற்று?

"என்னடா இது, பொத்தானே இல்லாத போனை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாய்?" என்று என் தாயார் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

அம்மாவுக்கு வயது 78. பார்வை மங்கல். பழைய போனில் திரைக்குக் கீழே நடுவில் ஒரு பொத்தான் இருந்தது. எந்தச் சந்து பொந்தில் போய் மாட்டிக்கொண்டாலும் அதை ஓர் அழுத்து அழுத்தினால் போதும், வீட்டு வாசலுக்கு வந்துவிடலாம்! கட்டை விரல் தடவியே அதைக் கண்டுபிடித்துவிடும். கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை.

அந்தப் பொத்தான் எங்கே போயிற்று? 2007-ல் ஐபோன் வந்தபோது அதன் முகத்தில் இருந்தது ஒரே ஒரு பொத்தான். 2008-ல் வந்த முதல் ஆண்ட்ராய்டு போனிலோ பொத்தான்கள் ஒரு பட்டாளம். உருட்டுவதற்கு ஒரு குண்டுகூட உண்டு! 2011-ல் வந்த காலக்ஸி நெக்ஸஸ், பின்னால் போக, வீட்டுக்கு வர, சற்று முன் பார்த்ததைப் பார்க்க என்று மூன்று சின்னங்களைத் திரைக்குள்ளேயே குடியேற்றிவிட்டது. 2017-ல் ஐபோன் டென் பொத்தானையே துறந்து, கீழிருந்து மேலே விரலை இழுக்கச் சொன்னது. 2019-ல் ஆண்ட்ராய்டு 10-ம் அந்த வழிக்கு வந்து சேர்ந்தது. பொத்தான் வைத்த கடைசி ஐபோனை ஆப்பிள் நிறுவனம் 2025 பிப்ரவரியில் விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது.

போன் செய்கிறவர்கள் பக்கமும் நியாயம் இல்லாமலில்லை. அசைகிற சாமான் தேயும். இடுக்கில் தூசி புகும். பொத்தானை எடுத்தால் அந்த இடமும் திரைக்குக் கிடைக்கும். பொத்தான் தேய்ந்துவிடுமே என்று பயந்து, திரையில் ஒரு வட்டத்தை மிதக்கவிட்டு அதைத் தட்டியவர்கள் எத்தனையோ பேர். 2016-ல் வந்த ஐபோன் 7-ன் பொத்தானோ அசையவே அசையாது. உள்ளே ஒரு சிறு மோட்டார் அதிர்ந்து, அழுத்தியது போன்ற பிரமையை உண்டாக்கும். பொத்தானாக வேஷம் போட்ட பொத்தான்!

இதையெல்லாம் அம்மாவிடம் விஸ்தாரமாகச் சொல்லிவிட்டு நான் வெளியூர் போய்விட்டேன். ஓர் இரவு, பேரன் அனுப்பிய வீடியோ திரை முழுவதும் விரிந்துகொண்டது. வெளியே வர வழி தெரியவில்லை. அந்த நேரம் பார்த்துத் தலைசுற்றல். கையில் போனை வைத்துக்கொண்டே, பக்கத்து வீட்டுச் சுவரைத் தட்டிக் கூப்பிட்டிருக்கிறாள்.

அப்புறம் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக, செட்டிங்ஸில் மூன்று பொத்தான் முறையைத் தேடிப் போட்டேன். படம் விரியும்போது அவையும் ஒளிந்துகொள்ளும்தான். கீழ் விளிம்பிலிருந்து விரலை மேலே இழுத்தால் மறுபடி தலைகாட்டும். ஆனால் விளிம்பில் எந்த இடம் என்று மங்கல் கண்ணுக்கு எப்படித் தெரியும்? அம்மாவே வழி சொன்னாள். போன் உறையின் கீழ் விளிம்பில், நடுச் சின்னத்துக்கு நேராக ஒரு சொட்டுப் பசை வைக்கச் சொன்னாள். காய்ந்ததும் அது மிளகு அளவுக்கு ஒரு மேடாயிற்று.

விரலால் அதைத் தடவிப் பார்த்து, அங்கிருந்து மேலே இழுத்து, நடுச் சின்னத்தைத் தட்டினாள். பிறகு எனக்கே ஒரு போன் போட்டாள், எதிரில் உட்கார்ந்தபடி.