அடிவயிற்றில் ஓர் அண்டா!

2014-ம் வருஷம். அமெரிக்காவில் சியாட்டில் நகரத்தில் ஓர் ஏலம். மேடை ஏறியது 1971-ல் செய்த ஒரு பழைய கார். பெயர், பிளைமவுத் ஹெமி கூடா. கூரையை மடக்கிக்கொள்ளும் மாடல். சுத்தியல் விழுந்தபோது விலை 35 லட்சம் டாலர்! பெயரிலேயே 'கூடா' என்று எச்சரிக்கை இருந்தும் ஒருவர் வாங்கிவிட்டார்!

இந்த ஜாதிக் கார்களுக்கு 'மஸில் கார்' என்று பெயர். நடுத்தர சைஸ் கார் ஒன்றை எடுத்து, அதற்குள் மிகப் பெரிய வி-8 என்ஜினைத் திணித்து, இளவட்டங்களுக்குக் கட்டுப்படியாகிற விலையில் விற்பது. 1964-ல் வந்த பான்ட்டியாக் ஜி.டி.ஓ.தான் பிள்ளையார் சுழி என்பார்கள். 1970-ல் வந்த ஷெவர்லே ஷெவெல்லின் 454 என்ஜின் கிட்டத்தட்ட 7,400 சி.சி. நம்ம மாருதி 800 ஞாபகம் இருக்கிறதல்லவா? அதன் என்ஜின் ஒன்பதைச் சேர்த்தால்கூட இந்த ஒன்றுக்குக் கொஞ்சம் குறைச்சல்தான். இதிலேயே எல்.எஸ்-6 என்ற ரகத்துக்குக் கம்பெனி சொன்ன கணக்கு 450 குதிரைசக்தி. அப்புறம் புகைக் கட்டுப்பாடு, இன்ஷூரன்ஸ் கட்டணம், 1973-ன் பெட்ரோல் நெருக்கடி எல்லாம் சேர்ந்து ஆட்டத்தை முடித்துவைத்தன.

இன்றைக்கு இந்தக் கார்களுக்கு ஏன் இத்தனை மவுசு? என்ஜின் பிளாக்கில் பொறித்த நம்பரும் காரின் நம்பரும் பொருந்தினால் அது 'ஒரிஜினல்'. விலை எகிறும். என்ஜின் வெடித்தால் வேறு என்ஜின் வாங்கிப் போடலாம். ஆனால் அந்த நம்பரை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பொக்கிஷத்தை ஷெட்டில் பூட்டிவைத்தால் கவலையில்லை. 'ஒரு மிதி மிதித்துப் பார்ப்போமே' என்று ஆசை வந்தால்தான் வம்பு. அந்த வம்பிலிருந்து காப்பாற்றுகிறவர், காருக்கு அடியில் யார் கண்ணிலும் படாமல் தொங்கிக்கொண்டிருக்கும் ஒரு தகரத் தொட்டி. ஆயில் பான்! நம் ஊர் மெக்கானிக்குகள் பாஷையில் 'சேம்பர்'.

சாம்பார் வாளித் தத்துவம்

என்ஜினின் அடிவயிற்றில் இருக்கிறது இந்தத் தொட்டி. எண்ணெய் இதில்தான் தங்கும். ஒரு குழாய் அதை உறிஞ்சி பம்ப்புக்குத் தரும். பம்ப் அதை பேரிங்குகளுக்கு அனுப்பும். க்ராங்க் ஷாஃப்ட்டும் பேரிங்கும் ஒன்றையொன்று தொடாமல் காப்பது, தலைமுடியைவிட மெல்லிய ஓர் எண்ணெய்ப் படலம். நிமிஷத்துக்கு 6,000 சுற்று என்றால் விநாடிக்கு 100 சுற்று. அந்த வேகத்தில் சில விநாடிகள் எண்ணெய் வரத்து நின்றால் போதும். பேரிங் உருகும், கனெக்டிங் ராடு பிய்த்துக்கொண்டு பிளாக்கின் விலாவில் ஓட்டை போட்டு வெளியே எட்டிப் பார்க்கும். அத்தோடு 'ஒரிஜினல்' காலி!

தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும்போது வரத்து எப்படி நிற்கும்? கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு ஒருத்தர் ஓடி, சடாரென்று நின்றால் என்ன ஆகும்? முதல் வரிசைக்காரரின் பட்டு வேட்டியைக் கேளுங்கள், சொல்லும். எண்ணெயும் அப்படித்தான். காரை மிதித்தால் பின்னால் ஓடும். பிரேக் போட்டால் முன்னால் பாயும். வளைவில் திரும்பினால் பக்கவாட்டில் ஏறும். காரின் வேகமாற்றம் புவியீர்ப்பு அளவுக்கு எட்டினால், எண்ணெயின் மேல்மட்டம் 45 டிகிரி சாய்ந்துவிடும். அந்த நேரத்தில் உறிஞ்சு குழாயின் வாய் வறண்டிருந்தால் அது உறிஞ்சுவது வெறும் காற்றைத்தான்.

நீங்கள் எந்த ரகம்?

ஆகவே பான் வாங்கப் போகிறவர் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி: 'நான் இந்தக் காரை எப்படி ஓட்டப் போகிறேன்?'

நேர்கோட்டில் கால் மைல் பாய்கிற 'டிராக்' ரேஸ் என்றால் எண்ணெய் பின்பக்கம் ஓடும். ஷெவெல்லுக்கு ஆழமான குழி பின்னால்தான் இருக்கிறது. பாயும்போது எண்ணெய் தானாகவே அங்கே வந்து சேரும், நல்லது. ஆனால் பாய்ந்து முடித்து பிரேக் போடும்போது முன்னால் ஓடிப்போகாமல் தடுக்க ஒரு தடுப்புத் தகடு வேண்டும். 60-களின் ஃபோர்டு மஸ்டாங்குக்கு நிலைமை தலைகீழ். குழி முன்னால்! பாயும்போதே எண்ணெய் ஓடிவிடும். அதனால் இதற்குத் தடுப்பு இன்னும் முக்கியம்.

வளைவும் நெளிவுமான ரேஸ் பாதை என்றால் நாலு பக்கமும் ஆபத்து. இதற்கென்று வரும் பான்களில் குழாயைச் சுற்றிக் குட்டிக் குட்டிக் கதவுகள் இருக்கும். எண்ணெய் உள்ளே வரும்போது திறக்கும்; வெளியே ஓடப் பார்த்தால் சாத்திக்கொள்ளும். தியேட்டர் வாசலில் டிக்கெட் கிழிப்பவர் மாதிரி, கண்டிப்பான கதவுகள்! குழியை ஆழமாக்காமல் இரு பக்கமும் அகலப்படுத்தி, அதிக எண்ணெய் பிடிக்கவும் செய்வார்கள்.

வெறுமனே ஊருக்குள் சுற்றி, ஐஸ்க்ரீம் கடை வாசலில் நிறுத்தி நாலு பேர் பார்க்க வேண்டும், அவ்வளவுதானா? கம்பெனி பானே தாராளம். காசை மிச்சம் பிடித்து ஐஸ்க்ரீமே சாப்பிடலாம்.

பெரிசு என்றால் நல்லதா?

சாதாரண ஷெவர்லே சின்ன வி-8க்கு ஃபில்டரையும் சேர்த்து 5 குவார்ட் எண்ணெய். (ஒரு குவார்ட் ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவு.) ரேஸ் பான்கள் 7, 8 குவார்ட்டெல்லாம் பிடிக்கும். என்ஜின் வேகமாகச் சுற்றும்போது கணிசமான எண்ணெய் மேலே, வால்வுகள் இருக்கும் பகுதியில் தங்கிவிடும். இறங்கி வர நேரமாகும். அதுவரை கீழே இருப்பு வேண்டுமே! சிலர் பம்ப்பை மட்டும் பெரிதாக்கிவிட்டு பானைச் சின்னதாகவே விட்டுவிடுகிறார்கள். சம்பளத்தைக் கூட்டாமல் செலவாளி மருமகனை வீட்டோடு வைத்துக்கொண்ட கதைதான்.

இதற்காக ஆழமான பானாகப் பார்த்து மாட்டினால் முதல் வேகத்தடையிலேயே 'டங்'! எஃகு பான் நசுங்கும். வார்ப்பு அலுமினியம் விறைப்பானது. ஆனால் பலமான அடிக்கு விரிசல் விடும். எப்படியானாலும் காருக்கு அடியில் மிகத் தாழ்வான பொருளாக பான் இருக்கக் கூடாது.

இன்னொரு சமாச்சாரம். சுற்றும் க்ராங்க் ஷாஃப்ட் எண்ணெயை அள்ளித் தன் மேல் கயிறு மாதிரிச் சுற்றிக்கொள்ளும். தயிர் மத்துபோல் கடைந்து நுரையும் ஆக்கும். நுரைத்த எண்ணெய் பேரிங்கைத் தாங்காது, குதிரைசக்தியும் வீணாகும். இதைத் தடுக்க க்ராங்க்குக்குக் கீழே ஒரு தகடு உண்டு. 'விண்டேஜ் ட்ரே' என்று பெயர். காரும் விண்டேஜ், ட்ரேயும் விண்டேஜா என்று கேட்காதீர்கள்! இது 'விண்ட்', அதாவது காற்று சம்பந்தப்பட்ட பெயர்.

கடைக்குப் போகும் முன்...

* மாடல் வருஷத்தைச் சரியாகச் சொல்லுங்கள். ஷெவர்லே சின்ன வி-8ல் ஆயில் அளக்கும் குச்சி 1979 வரை இடது பக்கம். 1980-லிருந்து வலது பக்கம். 1986-ல் பின்பக்க சீலே மாறிவிட்டது. மாற்றி வாங்கினால் பான் பொருந்தாது, ஒழுகும்.

* என்ஜின் எந்தக் காரில் உட்காரப் போகிறது என்பதும் முக்கியம். குறுக்குச் சட்டம், ஸ்டியரிங் தண்டு இரண்டும் பானுக்கு அடியில்தான் குடித்தனம். 1962-67 ஷெவி நோவாவுக்குத் தனி வடிவ பானே உண்டு.

* 350 என்ஜினை 383 ஆக்கியிருந்தால் க்ராங்க்கின் வீச்சு அதிகம். பானை மாட்டிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். எங்கேயும் உரசக் கூடாது.

* உறிஞ்சு குழாய் வாய்க்கும் பான் தரைக்கும் இடைவெளி கால் அங்குலத்திலிருந்து அரை அங்குலத்துக்குள். குறைந்தால் எண்ணெய் ஏறாது. கூடினால் காற்று ஏறும். அளக்க எளிய வழி: குழாய் வாயில் குழந்தைகள் விளையாடும் களிமண்ணை ஒட்டி, பானைப் பொருத்திக் கழற்றி, நசுங்கிய களிமண்ணின் கனத்தை அளந்தால் தீர்ந்தது.

* புது பானுக்கு ஆயில் குச்சியில் புது அளவுக் கோடு போடுங்கள். பழைய கோடு பொய் சொல்லும்.

பானில் தேக்கவே வேண்டாம், எண்ணெயைத் தனி டாங்கில் வைத்து பம்ப் மூலம் சுற்றவிடலாம் என்று ஒரு ஏற்பாடும் உண்டு. 'டிரை சம்ப்' என்பார்கள். 2006-ல் வந்த கார்வெட் இசட்.06 இப்படித்தான். அருமையான ஏற்பாடு, ஆனால் செலவு பெரிது. பழைய காரில் பொருத்த இடமும் தேட வேண்டும்.

கடைசியாக, பளபளவென்று குரோம் பூசிய பான்களும் கடையில் கண்ணடிக்கும். மயங்காதீர்கள். உள்ளே தடுப்பு இருக்கிறதா, விளிம்பு நெளியாமல் இருக்கிறதா என்று பாருங்கள். காருக்கு அடியில் படுத்துப் பார்த்து, 'ஆகா, என்ன அழகு!' என்று சொல்லப்போகிற ஒரே ஆள் உங்கள் மெக்கானிக்தான். அவரும் ஒழுகுகிற எண்ணெயை முகத்தில் வாங்கிக்கொண்டே அதைச் சொல்ல வேண்டாமே!