மாதுளை: நாட்டலும் கத்தரித்தலும்

பிறர் காணியில் கொட்டில் போட்டு இருப்பவர்கள் மரம் நாட்டத் தயங்குவது இயல்பே. காய்க்கும் காலத்தில் நாம் எங்கே இருப்போமோ என்ற கேள்வி எழும். தென்னைக்கும் மாவுக்கும் அந்தத் தயக்கம் சரி. மாதுளைக்கு அவ்வளவு தேவையில்லை. தடியிலிருந்து வளர்த்தால் இரண்டு, மூன்று வருடங்களில் காய்க்கத் தொடங்கும். அதற்குள் இடம் மாற நேர்ந்தாலும் ஒரு சாண் தடி போதும். அதே மாதுளையை அடுத்த வளவிலும் உண்டாக்கலாம். வரட்சியையும் ஓரளவு உவரையும் அது தாங்கும்.

விதையில் முளைத்த கன்று தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று நம்ப முடியாது. ஆகவே நல்ல பழம் தரும் செடியில், பென்சில் பருமனான முற்றிய கொப்பை 8 முதல் 10 அங்குல நீளத்துக்கு வெட்டுங்கள். அடிப்பக்கத்தைச் சரிவாகவும் மேற்பக்கத்தை நேராகவும் வெட்டினால் தலைகீழாக ஊன்றிவிட மாட்டீர்கள். அடியில் துளையிட்ட பால்மாப் பேணியில் மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, தடியின் மூன்றில் இரண்டு பங்கு புதையும்படி ஊன்றி நிழலில் வையுங்கள். நிலையான காணி கிடைக்கும்வரை பெரிய உரப்பையிலும் வளர்க்கலாம். நிலத்தில் நாட்டுவதானால் 10 முதல் 12 அடி இடைவெளி வேண்டும்.

மாதுளை இயல்பில் இலையுதிர்க்கும் செடி. அதன் பிறப்பிடங்களில் ஒன்றான ஈரானில், குளிர் தொடங்கும்போது இலைகள் பொன்மஞ்சளாகி உதிர்ந்துவிடும். நமது வெப்பத்தில் அப்படி முழுதாக உதிர்வதில்லை. இந்தியாவின் மகாராஷ்டிர விவசாயிகள் குளிருக்குப் பதிலாகத் தாகத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மாதம், ஒன்றரை மாதம் தண்ணீரை நிறுத்த, இலை மஞ்சளாகிக் கொட்டும். செடி பட்டுவிட்டதென்று பயப்பட வேண்டாம். அதுவே கத்தரிக்கும் தருணம். பின்னர் எருவிட்டு, சிறிது சிறிதாக நீர் ஊற்றினால் புதுத் துளிரும் சிவந்த பூவும் ஒன்றாக வரும். மூன்று வயதுக்குக் குறைந்த செடியில் இதைச் செய்ய வேண்டாம்.

கத்தரிப்பதில் பலர் கைமிஞ்சிப் போகிறார்கள். காய் பிடிப்பது முற்றிய கொப்புகளிலுள்ள குறுங்கிளைகளில்தான். அவற்றை வழித்துவிட்டால் அந்தப் போகம் போனதுதான். அடியில் மூன்று, நான்கு தண்டுகளை மட்டும் விட்டு, மற்ற முளைகளை எழ எழ அகற்றுங்கள். காய்ந்ததையும் ஒன்றோடொன்று உரசுவதையும் நடுவில் அடர்ந்ததையும் எடுத்தால் போதும். வெட்டியவற்றை அடுப்புக்குள் வைக்குமுன் நல்ல தடிகளைப் பிரித்தெடுங்கள். ஈரச்சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் சில நாள் தாங்கும். அயல் கொட்டிலுக்கும் கொடுக்கலாம்.

காய் பிடித்த பின் தண்ணீரை ஒழுங்காக ஊற்றுங்கள். காயவிட்டு, திடீரென்று நிறைய ஊற்றினால் பழம் வெடிக்கும். காய்க்குள் துளைத்துச் செல்லும் புழு, ஒரு வண்ணத்துப்பூச்சி இடும் முட்டையிலிருந்து வருவது. பிஞ்சிலேயே பழந்துணிப் பை கட்டிவிட்டால் மருந்துச் செலவு மிச்சம். துளை விழுந்த காய்களைச் செடியின் கீழே விடாமல் பொறுக்கி எரித்துவிடுங்கள்.