வருங்கால நாவல்களை மதிப்பிடும் முறை

நாவல் இலக்கியம் பல கிளைகளாக விரிந்துள்ளது. அவற்றுள் ஒன்று விஞ்ஞான நாவல். விஞ்ஞானக் கருத்து ஒன்றையோ கருவி ஒன்றையோ அடிப்படையாகக் கொண்டு, “இஃது இவ்வாறாயின் மனித வாழ்வு என்னாகும்?” என வினாவி விரிவது அது. அதன் உடன்பிறப்பு எனத்தக்கது தீயுலக நாவல். 1516ஆம் ஆண்டில் தோமஸ் மோர் ‘யூட்டோப்பியா’ என்னும் நூலிலே நல்லுலகு ஒன்றைப் புனைந்து காட்டினார். அதற்கு மறுதலையாக, கொடிய ஆட்சியாலோ அறிவின் தவறான பயன்பாட்டாலோ மனிதத்தன்மை அழியும் உலகைக் காட்டுவது தீயுலக நாவல். அல்டஸ் ஹக்ஸ்லி 1932இலும் ஜோர்ஜ் ஓர்வெல் 1949இலும் வெளியிட்ட நாவல்கள் இவ்வகைக்கு வழிகாட்டிகளாயின.

இத்தகைய நூல்களுக்கு எம் மாணவர் எழுதும் மதிப்புரைகளில் ஒரு வினா தவறாது இடம்பெறுகின்றது. ஆசிரியர் கூறியது பின்னர் நடந்ததா என்பதே அவ்வினா. இவ்வளவுகோல் நாவலுக்குப் பொருந்தாது என்பது எம் கருத்து. 1956 தொடக்கம் 2008இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்தவர் ஆதர் சி. கிளார்க். புவியின் சுழற்சியோடு ஒத்துச் செல்லும் செய்மதிகளால் உலகெங்கும் செய்தி பரப்பலாம் என அவர் 1945இல் எழுதினார். 1964இல் அத்தகைய செய்மதியாகிய சின்கொம் 3 விண்ணில் நிலைபெற்றது. “கதையிற் கண்டது நனவாயிற்று” எனப் பலர் வியப்பர். கிளார்க் அதனை எழுதியதோ, வானொலித் தொழில்நுட்பச் சஞ்சிகை ஒன்றில் வெளிவந்த கட்டுரையில். வருவதுரைத்தல் கட்டுரைக்கும் இயலும். நாவலின் தொழில் வேறு.

ஓர்வெல் தம் நூலுக்குத் தலைப்பாக்கிய 1984ஆம் ஆண்டு கடந்து நெடுங்காலமாயிற்று. நூலோ பழமையடையவில்லை. அதில் வரும் அகராதித் தொகுப்பாளன் ஒருவன் மொழியிலிருந்து சொற்களை நீக்குவதையே பெருமையாகக் கருதுகின்றான். சொல் அழிந்தால் அச்சொல் சுட்டும் எண்ணமும் எழாது என்பது அவன் துணிபு. தமிழ் கற்பிக்கும் எமக்கு அப்பகுதியை வாசிக்குந்தோறும் நெஞ்சு நடுங்குகின்றது.

ஆதலின் மதிப்புரை எழுதுவோர் இரு வினாக்களைக் கேட்டல் நன்று. இவ்வுலகில் மனிதர் எதனை இழக்கின்றனர்? அவ்விழப்பை நாமும் உணருமாறு ஆசிரியர் செய்துள்ளாரா? இவற்றைக் கொண்டு அண்மைக்கால நாவல்கள் மூன்றனை நோக்குவோம்.

கசுவோ இஷிகுரோவின் ‘கிளாராவும் சூரியனும்’ 2021இல் வெளிவந்தது. கதை சொல்பவள் கிளாரா என்னும் இயந்திரத் தோழி. சூரிய ஒளியால் இயங்கும் அவள், நோயுற்ற சிறுமி ஜோசியையும் சூரியனே குணப்படுத்துவான் என நம்பி அவனிடம் இரந்து நிற்கின்றாள். மகள் இறந்தால் அவளிடத்தில் கிளாராவையே வைத்துக்கொள்ளலாம் எனத் தாய் எண்ணுகின்றாள். ஒருவரின் தனித்தன்மை அவரை நேசிப்போர் உள்ளங்களிலே உள்ளதாகலின், அதனைப் பெயர்த்தெடுத்தல் இயலாது எனக் கிளாரா இறுதியில் உணர்கின்றாள். இயந்திரத்தின் அமைப்பை நூல் விளக்குவதில்லை. விஞ்ஞானம் நாடுவோர்க்கு இது குறையே. மனிதரின் தனிமையை நாடுவோர்க்கு நிறைவு உண்டு.

யோகோ ஒகாவாவின் ‘நினைவுப் பொலிஸ்’ 1994இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்து, 2019இல் ஆங்கிலமாயிற்று. ஒரு தீவில் ரோசா, பறவை, நிழற்படம் எனப் பொருள்கள் ஒவ்வொன்றாக மறைகின்றன. அவற்றின் நினைவும் உடன் மறைகின்றது. மறவாதோரைப் பொலிஸார் பிடித்துச் செல்கின்றனர். ஒருநாள் நாவல்களும் மறைய, மக்கள் தம் கையாலேயே நூல்களைத் தீயிலிடுகின்றனர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டு, ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்த வரலாற்றைக் கேட்டு வளர்ந்த எமக்கு அப்பக்கங்களை எளிதிற் கடக்க இயலவில்லை. அத்தீவினர் எரித்ததை மறந்தனர். எம் மூத்தோரோ எரிந்த ஏடுகளின் பெயர்களை எமக்குச் சொல்லிவைத்தனர். அச்செயலின் அருமையை இந்நூலே எமக்கு உணர்த்திற்று.

மூன்றாவது, 2023ஆம் ஆண்டின் புக்கர் பரிசு பெற்ற போல் லிஞ்சின் ‘தீர்க்கதரிசியின் பாடல்’. களம் டப்ளின் நகரம். இரகசியப் பொலிஸார் இருவர் ஒரு மாலை கதவைத் தட்டுவதோடு கதை தொடங்குகின்றது. ஆசிரியர் சங்கப் பணியாளரான கணவர் காணாமற் போகின்றார். நான்கு பிள்ளைகளின் தாயாகிய ஐலிஷ், நினைவு தளர்ந்த தந்தையையும் வராத கணவரையும் விட்டு நீங்க மனமின்றி நாட்களைக் கடத்துகின்றாள். பத்தி பிரியாத நடை வாசிப்போர்க்கு மூச்சுத்திணறலைத் தருகின்றது. அரசு கொடியதான காரணம் விரிவாகக் கூறப்படாமை குறையெனலாம். ஆயினும் வீட்டினுள் இருப்போர்க்குக் காரணம் தெரியும் முன்னரே கதவு தட்டப்படுகின்றது என்பதும் உண்மையே.

இந்நூலைப் பற்றி உயர்வகுப்பு மாணவன் ஒருவன், “ஐலிஷ் முதல்நாளே புறப்படாதது மூடத்தனம்” என எழுதியிருந்தான். 1995 ஐப்பசியில் எம் அன்னையார் வீட்டைப் பூட்டி, திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு, “இரண்டு நாளில் வந்துவிடலாம்” என்று கூறியது எம் நினைவுக்கு வந்தது. அடுப்பிற் சோற்றுப்பானை இருந்தது. யாம் அம்மாணவனுக்குப் புள்ளி குறைக்கவில்லை. வீட்டு மூத்தோரிடம், “நீங்கள் எப்போது புறப்பட்டீர்கள்? எதனை எடுத்துச் சென்றீர்கள்?” என வினவி, மீண்டும் எழுதிவருமாறு பணித்தோம். அவன் நான்கு பக்கங்கள் எழுதிவந்தான். மூடத்தனம் என்ற சொல் அவற்றில் இல்லை.

கடல்கடந்து வாழும் பழைய மாணவர்கள் விடுமுறைக்கு வரும்போது இத்தகைய நூல் ஒன்றையேனும் எம் கல்லூரி நூல்நிலையத்துக்குக் கொணர்வாராக. அதன் முதற்பக்கத்தில் தம் கருத்தையும் இரண்டு வரி எழுதிவைப்பாராயின், பின்வரும் மாணவர் அதனோடு வாதாடிக் கற்பர்.